முதல் வரி கூலிக்கு

அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையில் எந்தப் பக்கம் நடந்தாலும் முந்திரிக்காடுதான். தையில் பூக்கும், பங்குனி சித்திரையில் பழம் உதிரும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள். தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து கருத்துவிடும். முந்திரி போர்ச்சுகீசியர்களோடு கப்பலில் வந்தது. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் மாதா பக்தியும் கடல் தாண்டி வந்ததுதான். இரண்டையும் சேர்த்து ஓர் ஆவணப்படம் எடுக்கலாம். காசுக்கு எங்கே போவது?

அன்று படச்சுருளே காசைத் தின்றது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் படமெடுக்க ஒரு கம்பெனியே தொடங்க வேண்டியிருந்தது. பல நாடுகளில் அலைந்து, நூறு பேர் முப்பது ஆண்டுகளில் பிடித்த 50,000 அடி சுருளைத் திரட்டி, 1940-இல் படத்தை வெளியிட்டார். 1948-இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. கொட்டகைக்காரர் அதன் படத்தை ஓட்டியே தீர வேண்டியிருந்தது, வசூலில் ஒரு பங்கும் கட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஜனம் முறுக்கு வாங்கப் போனது வேறு கதை. நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ரே 1976-இல் எடுத்த 'பாலா'வுக்குத் தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் பணம் போட்டன.

இன்று கேமரா சட்டைப் பையில் கிடக்கிறது. பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை ட்ரோனில் பார்த்துப் பார்த்து அலுத்தே போய்விட்டது. சாம்பல் பூசிய கையை மட்டும் காணோம். அதை எடுக்க, பூவிலிருந்து பருப்பு வரை ஊரிலேயே தங்க வேண்டும். தங்குகிறவருக்குச் சோறு, வாடகை, ஒலிப்பதிவுக்கு ஓர் ஆள். இந்தக் காத்திருப்புக்குப் பணம் கொடுக்கத்தான் ஆளில்லை. பிலிம்ஸ் டிவிஷனும் 2022-இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை, பண்பாட்டு ஆய்வுகளுக்கு நல்கை தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். இந்த நல்கை சென்னையில் தெரிந்த அளவு இங்கே ஆண்டிமடம் பக்கம் தெரியவில்லை.

விண்ணப்பம் எழுத உட்காரும் பையன்கள் செலவுக் கணக்கின் முதல் வரியில் ட்ரோன் வாடகையைப் போடுகிறார்கள். அடித்துவிட்டு, கொட்டை உடைக்கும் அக்கா நமக்காக இழக்கும் ஒரு நாள் கூலியை அங்கே எழுதச் சொல்வேன்.