மின்னலும் மண்ணும்

1996இல் ஜப்பானில் தோன்றிய போக்கிமான் விளையாட்டில், மின்தாக்குதல் மண்ணினப் பூதங்களைத் தீண்டாது. மண் மின்சாரத்தை விழுங்கிவிடும் என்பது கருத்துப் போலும். ஹட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளில் இவ்விதி செல்லாது.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதப் பிற்பகல்களில் இடிமுகில் திரளும். அரைப்பேர் விழுமென அஞ்சி மலையை விட்டிறங்காது, நிழல்மரத்தடியில் ஒதுங்கும் கொழுந்துப் பெண்கள் உளர். மரத்தில் விழுந்த மின்னல் மண்ணில் மறைந்துவிடுவதன்று. அடிமரத்தினின்று நாற்புறமும் பரவும். விலகுந்தோறும் மின்னழுத்தம் குறைதலால், அகன்று நிற்கும் இரு பாதங்களுக்கிடையே வேறுபாடு தோன்றி, மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். மாடுகளுக்கோ முன்காலும் பின்காலும் வெகுவாக அகன்றிருத்தலின், அவ்வோட்டம் நெஞ்சினூடே செல்லும். ஒரே மரத்தடியில் பல மாடுகள் ஒருங்கே மடிவது இதனாலேயே.

முதல் இடியோசையிலேயே, நிறுவையை எதிர்பாராது, ஆட்களைக் கட்டடத்துள் சேர்ப்பது கங்காணியின் பொறுப்பாகும்.