ஐந்நூற்றுப் பத்தொன்பது!

2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், பெரம்பூர்த் தொகுதியின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டன. உதயசூரியன் சின்னத்திலே நின்ற என். ஆர். தனபாலன் பெற்றது 79 ஆயிரத்துச் சொச்சம். இரட்டை இலையின் வெற்றிவேல் பெற்றதும் 79 ஆயிரத்துச் சொச்சம்! இடைவெளி எவ்வளவு? 519. ஆம் தோழர்களே, ஐந்நூற்றுப் பத்தொன்பதே வாக்குகள்! 260 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவே மாறியிருக்கும். 260 பேர் என்றால் யார்? ரயில்வே பட்டறையிலே ஒரு ஷிப்டு முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் ஒரு மூலை.

அந்தத் தேர்தலைப் பற்றி நம் தோழர்கள் இன்றும் தேநீர்க் கடையிலே பேசிக்கொள்வது நமக்குத் தெரியும். "கொங்கு நாடு கவிழ்த்துவிட்டது" என்பார்கள். "மூன்றாவது அணி கெடுத்துவிட்டது" என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் தொலைவிலே உள்ளவரைச் சுட்டுகிற விரல்கள். வீட்டு வாசலைப் பார்ப்போமா?

முதலில் மாநிலக் கணக்கு. அ.தி.மு.க. 134 இடம், கழகம் 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, ஆக நம் அணிக்கு 98. இடங்களைப் பார்த்தால் பெரிய பள்ளம். வாக்குகளைப் பார்த்தாலோ, நாலு கோடிக்கும் மேல் பதிவானதில் இரு அணிகளுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ நாலரை லட்சம். நூற்றுக்கு ஒன்று என்று சொல்லலாம். அந்த ஒன்று எங்கே போயிற்று?

கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் கழகத்துக்குக் கிட்டியது சிங்காநல்லூர் ஒன்றே. சேலத்தின் 11இல் சேலம் வடக்கு ஒன்றே. ஈரோட்டிலே ஒன்றுகூட இல்லை. தென்கோடிக்குப் போனால் படமே தலைகீழ்: குமரி மாவட்டத்தின் 6 இடங்களும் நம் அணிக்கு. சென்னை மாவட்டத்தின் 16இல் 10 கழகத்துக்கு. ஒரே நாள், ஒரே மாநிலம், ஆனால் மேற்கே ஒரு காற்று, கடலோரத்திலே ஒரு காற்று!

மேற்கைத் திட்டுவது சுலபம். அவனும் தறி ஓட்டுகிறவன், பவுண்டரியிலே வேகிறவன் என்பதை மறந்தால்தான் அப்படித் திட்ட முடியும். 2008 முதல் மின்வெட்டு வந்தபோது, மணிக்கணக்கில் தறி நின்று, மோட்டார் நின்று, கூலி நின்றவன் அவன். 2011இல் கோபித்தான், 2016இலும் கோபம் ஆறவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மின்சாரத்துக்கும் நமக்கும் உள்ள உறவுதான். கடல் வழியே நிலக்கரி வருவது இங்கே. எரிவது எண்ணூரிலும் அத்திப்பட்டிலும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. அத்திப்பட்டின் வடசென்னை நிலையம் தொடர்ந்தது. சாம்பல் விழுவது கொசஸ்தலை ஆற்றில், எண்ணூர்க் கழிமுகத்தில், இறால் பிடிக்கும் மீனவன் வலையில். வெளிச்சம் போவது மாநிலம் முழுமைக்கும். சாம்பலைச் சுமக்கிறவனும் மின்வெட்டைச் சுமந்தவனும் எதிரெதிரே ஓட்டுப் போட்டார்கள் என்பதிலே நாம் யோசிக்க நிறைய இருக்கிறது; ஏசுவதற்கு ஒன்றுமில்லை.

சரி, வாசலுக்கு வருவோம். சென்னையில் கைநழுவிய 6 தொகுதிகள் எவை? தியாகராய நகர், மயிலாப்பூர், விருகம்பாக்கம்: இவை மூன்று. மற்ற மூன்று? இராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், இராயபுரம்! பாட்டாளிகளின் வடசென்னை! 1949 செப்டம்பர் 18ஆம் நாள், கொட்டும் மழையிலே, இராபின்சன் பூங்காவில் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த அதே இராயபுரம்! மயிலாப்பூரை விட்டதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். இராயபுரத்துக்கு?

இராதாகிருஷ்ணன் நகரில் முதலமைச்சர் ஜெயலலிதாவே நின்றார். அது தனிக் கதை. இராயபுரத்தில் டி. ஜெயக்குமார் 1991, 2001, 2006, 2011, 2016 என்று ஐந்து முறை வென்றவர். 2016இல் அவருக்கும் நம் அணியின் காங்கிரஸ் வேட்பாளர் மனோகருக்கும் இடையே எட்டாயிரம் அளவுதான் வித்தியாசம். பக்கத்துத் திருவொற்றியூரில் கே. பி. பி. சாமி ஐயாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்று மானம் காத்தார். எல்லாம் நூலிழை!

ஏன் நூலிழை? மீனவர் குப்பங்களில் எம். ஜி. ஆர். காலத்துப் பாசம் ஒரு காரணம். 1972இல் பிரிந்த ஆறு இன்றும் அங்கே ஓடுகிறது. ஆனால் நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்றை. 1918இலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த இடம் இது. ஆலைச் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஒரே வாசலில் கூடுவார்கள். அங்கே ஒருவன் பேசினால் ஆயிரம் வீட்டில் கேட்கும். அந்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. துறைமுகத்திலே மூட்டை சுமந்த தோள்களின் வேலையைக் கிரேனும் கண்டெய்னரும் எடுத்துக்கொண்டன. நிரந்தரத் தொழிலாளி இருந்த இடத்திலே ஒப்பந்தக்கூலி வந்தான். இன்று மணலியில் வேலை, நாளை காட்டுப்பள்ளியில் வேலை. அவனுக்கு வாசலும் இல்லை, வாயிற்கூட்டமும் இல்லை. கரையோரக் குடிசைகளிலே இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். குடும்பம் போயிற்று, பட்டியலில் பெயர் மட்டும் பழைய தெருவிலேயே தங்கிற்று. ஓட்டுப் போட இருபது மைல் வருவானா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு?

வரவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? 2016இல் மாநிலமெங்கும் நூற்றுக்கு 74 பேர் அளவில் வாக்களித்தார்கள். தர்மபுரியில் 85. சென்னை மாவட்டத்தில் அறுபதைச் சுற்றியே, கடைசி இடம்! பெரம்பூரில் சாவடிப் பக்கமே வராதவர் தொகை அந்த 519ஐப் போலப் பல மடங்கு.

கடல் தாண்டியும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவில் மாநில கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். (இங்கேயும் அரசியல் நிர்ணய சபை 1947இல் அப்படித்தான் நினைத்தது, 1949இல் மனம் மாறி, டில்லி நியமிக்கட்டும் என்று முடித்தது. நியமன கவர்னரால் நாம் படும் பாட்டை நாடறியும்.) வாஷிங்டன் மாநிலத்தில் 2004இல் கவர்னர் தேர்தல். மலைக்குக் கிழக்கே கோதுமையும் ஆப்பிளும் விளையும் நாடு குடியரசுக் கட்சியின் ரோசி பக்கம். மேற்கே சியாட்டில் துறைமுக நகரம் ஜனநாயகக் கட்சியின் கிரெகோயர் அம்மையார் பக்கம். 28 லட்சம் வாக்குகள். முதல் எண்ணிக்கையில் ரோசி 261 வாக்கு முன்னே. இயந்திரத்தால் மறுபடி எண்ணினார்கள்: 42. கையால் எண்ணினார்கள்: அம்மையார் 129 வாக்கில் வெற்றி! சியாட்டில் பகுதியிலே தவறாகத் தள்ளப்பட்ட எழுநூற்றுக்கும் மேற்பட்ட வாக்குச் சீட்டுகளை விடாப்பிடியாகக் கேட்டு, மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தார்கள். கிழக்கைத் திட்டி ஜெயிக்கவில்லை. தம் ஊர் வாக்கை ஒன்றுவிடாமல் எண்ணவைத்து ஜெயித்தார்கள்.

நம் இராதாபுரத்தை நினைத்துப் பாருங்கள். 2016இல் அப்பாவு 49 வாக்கில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். வழக்கு நடந்தது, 2019இல் உயர்நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது, முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. 2021இல் அதே அப்பாவு வென்று, சட்டசபையின் தலைவர் நாற்காலியிலேயே அமர்ந்தார். அதுவரை ஐந்து ஆண்டு போயிற்றே, அதை யார் திருப்பித் தந்தார்கள்?

2021இல் சென்னையின் 16 இடங்களும் நம் அணிக்கு வந்தன. இராயபுரத்திலே ஜெயக்குமார் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். கோவையின் பத்தும் எதிரணிக்கே போயின. மேற்கு அசையவில்லை, வடசென்னை அசைந்தது, அவ்வளவே.

ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி பற்றிச் சொன்னோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவைத் தொழிற்சங்கத் தோழர்கள் எடுத்துப் படிக்கட்டும். வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்காரனுக்கும் உண்டு. வேலையை விட்டால் ஆபத்தோ பெருநட்டமோ நேரும் இடத்துக்கு மட்டுமே விலக்கு. கொதிகலன் அணையக்கூடாத அனல்மின் நிலையத்தார் அந்த விலக்கைக் கேட்கலாம்; கண்டெய்னர் கிடங்கு முதலாளி கேட்க முடியுமா? மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. சிரிப்புத்தான் வருகிறது! ஆனாலும் சட்டம் சட்டம்தான். அந்தப் பிரிவைத் துண்டறிக்கையாக அச்சடித்து, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளிலே ஒவ்வொரு டிரைவர் கையிலும், கிளீனர் கையிலும், வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். தெருமுனைக் கூட்டத்துக்கு ஆகும் செலவில் கால் பங்குகூட இதற்கு ஆகாது.