ஊற்றிக் கெடுத்த செடியும் மீட்டெடுத்த விதமும்



வரி, எடை, கிடங்குப் பராமரிப்பு, கடன் வசூல் என்று எழுதி வந்த நாம் இந்த முறை செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி எழுதுகிறோம். வயதாகிவிட்டதால் வியாபாரத்தை விட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார் என்று யாரும் சிரிக்க வேண்டாம். நம்மில் பலர் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு மணிபிளான்ட் தொங்குகிறது. வாசலில் ஒரு துளசி, வீட்டு வராந்தாவில் நாலைந்து தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை செடி ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போன செடிகளில் பல, தண்ணீர் இல்லாமல் போனவை அல்ல; தண்ணீர் கூடிப் போனவை. நம் வீட்டிலும் அப்படித்தான் பல செடிகளை ஊற்றியே கெடுத்திருக்கிறோம்.

குயிலாப்பாளையத்துக் கடை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது குயிலாப்பாளையம். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடங்கியபோது அந்தப் பக்கம் மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. இன்று சுற்றிலும் காடு. ஊருக்குள் தெரு நெடுகக் கடைகள். அங்கே ஒரு மளிகைக் கடைக்கு அப்பா காலத்திலிருந்து நாம்தான் சரக்கு போடுகிறோம். பெரியவர் கடை திறந்த அன்று ஒரு மணிபிளான்ட் வைத்தார். அது கல்லாவுக்கு மேலே கயிற்றில் ஏறி, நிலைவாசலைச் சுற்றி, எண்ணெய் டின் அடுக்கு வரைக்கும் ஓடியது. அவர் காலமான பிறகு மகன் கடையில் உட்கார்ந்தார்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியிலும் நம் மயிலத்திலும் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு, எந்தக் கடையில் எவ்வளவு சேதம் என்று ஊர் ஊராகப் பார்க்கப் போனோம். குயிலாப்பாளையத்துக் கடையில் அடி வரிசைச் சர்க்கரை மூட்டை இரண்டு கரைந்திருந்தன. நனையாமல் தப்பிய பருப்பு மூட்டைகளைப் பிரித்து, ஈரக்காற்று போகட்டும் என்று தம்பி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் செடி மஞ்சளாகத் தொங்குகிறது. கீழ் இலைகளில் பாதி உதிர்ந்துவிட்டது.

“பெரியப்பா, அப்பா போனதிலிருந்து செடியும் இப்படி ஆயிடுச்சு. ராசி போயிடுச்சுன்னு அம்மா அழுவுறாங்க. ஸ்கூட்டர் வாடகைக்கு விடுற ஒருத்தர் இந்த இடத்துக்கு நல்ல அட்வான்ஸ் தர்றேன்னு கேக்குறார். கொடுத்துடலாமான்னு பாக்குறேன்” என்றார்.

சொல்லிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து செடிக்கு ஊற்றினார். தினமும் காலையில் அப்பா படத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஒரு சொம்பு, கடை சாத்தும்போது ஒரு சொம்பு. புயல் மழை நாட்களிலும் நிறுத்தவில்லையாம். “தம்பி, பருப்பை ஏன் காயவைக்கிறே?” என்று கேட்டோம். “ஈரம் நின்னா கெட்டுடுமே பெரியப்பா” என்றார். “வேரும் அப்படித்தான்” என்றோம்.

வேருக்கும் மூச்சு உண்டு

மண்ணுக்குள் இருக்கும் வேர் தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை. மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றிலிருந்து பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அந்த இடைவெளிகள் நிரம்பும். வடிந்ததும் மறுபடி காற்று வரும். வடிவதற்குள் மறுபடி மறுபடி ஊற்றினால் காற்று வர வழியில்லை. வேர் மூச்சடைத்துப் பழுப்பாகி, கொழகொழத்துப் போகும். இதுவே சமயம் என்று அழுகல் பூஞ்சணங்களும் ஏறிக்கொள்ளும். சின்ன வெங்காய மூட்டையைக் காற்றில்லாத மூலையில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் நிறைய ஈரம் இருந்தும் இலை தாகம் எடுத்ததுபோல் வாடும். பார்க்கிறவர், ‘ஐயோ வாடுகிறதே’ என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். பழைய பாக்கியையே கட்ட முடியாமல் தவிக்கும் கடைக்காரருக்கு மேலும் மேலும் கடனில் சரக்கு இறக்குவது போன்ற காரியம் இது.

ஆகவே வாடிய செடியைக் கண்டால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து, இலை மொறமொறவென்று இருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து, கீழ் இலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று அமுங்கி, மண்ணில் புளித்த வாடை வந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். மண் மேல் பச்சைப் பாசி படிவதும், தொட்டியைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் பறப்பதும் அதே அடையாளம்தான்.

எப்போது ஊற்றலாம்?

‘வாரத்துக்கு எத்தனை நாள் ஊற்ற வேண்டும்?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நாள் கணக்கு இதற்கு ஒத்துவராது. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் துளசிக்குத் தினமும் தண்ணீர் வேண்டியிருக்கும். அதே வாரத்தில் கடைக்குள் நிழலில் தொங்கும் மணிபிளான்டுக்கு ஐந்தாறு நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதற்குப் பத்து நாள் கூட ஈரம் நிற்கும்.

மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டுச் சரக்கு பார்க்கிறவர்கள் நாம். செடிக்கும் அதே வழிதான். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் பட்டால் இன்று வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். பெரிய தொட்டியானால் ஒரு ஈர்க்குச்சியை அடி வரை செருகி எடுத்துப் பாருங்கள். இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல், மண் ஒட்டி வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சிறிய தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தாலே போதும். மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு, நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை சுற்றிலும் நிதானமாக ஊற்றுங்கள். காலை நேரம் நல்லது. அரை மணி கழித்து, கீழ்த்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தட்டில் தண்ணீர் நிற்பது செடிக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

செடியின் குணம்

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரி சரக்கு போடுவோமா? திருஷ்டிக்காக நம் கடை வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கைப் பாருங்கள். மண்ணும் இல்லை, ஊற்றுகிற தண்ணீரும் இல்லை. கிழங்குக்குள் இருக்கும் சேமிப்பைக் கொண்டே கொடி விடுகிறது. சோற்றுக் கற்றாழையும், மருள் என்கிற பாம்புக் கற்றாழையும் இலைக்குள் சேமித்து வைக்கிற வகை. கடைக்குள் வைத்தால் மண் முழுக்கக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஆனாலும் குற்றமில்லை. கற்பூரவல்லியும் ஏறக்குறைய இந்த இனம்தான். பெரணி வகை மட்டும் ஈரம் விரும்பி. அதை முற்றிலும் காயவிடக் கூடாது.

‘பாட்டில் தண்ணீரில் போட்ட மணிபிளான்ட் மட்டும் எப்படி வளர்கிறது?’ என்று நம் கணக்குப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீரிலேயே முளைத்த வேர் அதற்கேற்றபடி அமைந்துவிடுகிறது. மண்ணில் பழகிய வேரைத் திடீரென்று மூழ்கடித்தால் தாங்காது. பாட்டில் தண்ணீரையும் வாரம் ஒருமுறை மாற்றினால்தான் அதில் காற்று இருக்கும், கொசுவும் வராது.

தொட்டியும் மண்ணும்

ஆரோவில் பக்கம் மெருகு பூசிய பீங்கான் தொட்டிகள் கண்ணைப் பறிக்கும். வாங்குங்கள், ஆனால் அடியில் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். தோட்டத்து நிலத்தில் கூடுதல் தண்ணீர் கீழே இறங்க இடம் உண்டு. தொட்டிக்கு இருப்பது அந்தத் துளை ஒன்றுதான். சாதாரண மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக்கிலும் மெருகுத் தொட்டியிலும் அது நடக்காது, ஆகையால் அவற்றுக்குத் தண்ணீர் குறைவாகவே வேண்டும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டியும் வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் வீணாக நின்று அழுகலுக்கு வழி செய்யும்.

நம் வட்டாரச் செம்மண்ணைத் தனியாகப் போட்டால் தொட்டியில் இறுகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்தால் தண்ணீர் வடியும். தென்னை நார்க் கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். மாடிக்கு நல்லது, நிழலான கடைக்குள் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

மீட்கும் முறை

குயிலாப்பாளையத்தில் அன்று நாம் செய்ததை வரிசையாகத் தருகிறோம்.

1. தண்ணீரை உடனே நிறுத்தினோம். ‘பாவம் வாடுகிறது’ என்று வெயிலில் வைக்கவில்லை. வெளிச்சமான நிழலில் வைத்தோம். உரம் எதுவும் போடவில்லை. நோயாளிக்கு விருந்து வைக்கக் கூடாது.

2. தொட்டியைச் சாய்த்துத் தட்டி, மண் கட்டியோடு செடியை வெளியே எடுத்தோம். அடித்துளை வேர் அடைத்து மூடிக் கிடந்தது. புளித்த வாடை அடித்தது. (வாடை இல்லாமல் ஈரம் மட்டும் அதிகமென்றால், மண் கட்டியைப் பழைய செய்தித்தாளிலோ உலர்ந்த கோணியிலோ ஓரிரவு சுற்றி வைத்து, ஈரம் வாங்கியதும் திரும்ப வைத்தாலே போதும்.)

3. மண்ணை உதறி வேரைக் கழுவினோம். வெண்மையாக, கெட்டியாக இருப்பது நல்ல வேர். பழுப்பாக, இழுத்தால் தோல் உரிந்து வருவது போன வேர். போனதையெல்லாம் சுத்தமான பிளேடால் வெட்டி எறிந்தோம். மிஞ்சியது ஒரு கைப்பிடி கூட இல்லை.

4. அத்தனை நீளக் கொடியை அந்த வேர் தாங்காது. ஒரு முழம் விட்டு மீதியை வெட்டினோம். தம்பிக்கு மனசு வரவில்லை; கத்தரியை நம் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

5. முன்னதைவிடச் சிறிய மண் தொட்டியில், உலர்ந்த புது மண்ணில் நட்டோம். ஒருமுறை மட்டும் அளவாகத் தண்ணீர். பிறகு விரல் வைத்துப் பார்த்து, ஏழாம் நாள்தான் அடுத்த தண்ணீர்.

6. வெட்டிய கொடியில் பச்சையாக இருந்த பாகங்களை, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி துண்டு துண்டாகப் பாட்டிலில் போட்டோம். தாய்ச்செடி பிழைக்காவிட்டாலும் வம்சம் மிஞ்சட்டும் என்றுதான்.

இந்தச் செடியின் பால் தோலில் அரிப்பு தரும். இலையைக் கடித்தால் வாய் எரியும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சரக்கைத் தொடுங்கள். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

பிறகு நடந்தது

தாய்ச்செடி பிழைக்கவில்லை. பொங்கலுக்குள் அடித்தண்டு கறுத்துவிட்டது. ஆனால் பாட்டிலில் போட்ட துண்டுகளில் மூன்று வேர் விட்டன. அப்பா வைத்த கொடிதான் அவை, வேறொன்றல்ல. ஒன்று கடையில், ஒன்று வீட்டில் அம்மாவிடம், மூன்றாவது நம் கிடங்கில் மேசை மேல் இருக்கிறது.

செடி துளிர்த்ததால் கடை துளிர்த்தது என்று நாம் எழுத மாட்டோம். ராசியைப் பார்த்துக் கடையை விட்டுக்கொடுக்க இருந்தவரிடம், முடிவெடுக்கும் முன் பேரேட்டைப் பார் என்று சொன்னோம். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். வியாபாரம் குறையவில்லை. அப்பா முகத்துக்காக யார் கேட்டாலும் கடன் கொடுத்து, வெளியே நின்ற பாக்கிதான் கடையின் கழுத்தைப் பிடித்திருந்தது. புதுக் கடனை நிறுத்தி, பழைய பாக்கியைத் தவணை பிரித்து வசூலிக்கத் தொடங்கினார். அட்வான்ஸ் தருவதாகச் சொன்னவரிடம் ‘இப்போது இல்லை’ என்று சொல்லிவிட்டார். நம் பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் சரக்கு வண்டியோடு போயிருந்தோம். கடைப்பையன் சொம்போடு செடிப் பக்கம் போனான். “டேய், விரல வெச்சுப் பாத்தியா?” என்று கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார் தம்பி. பையன் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் வாசலில் தெளித்தான்.

வணிக அன்பர்களும் நாளைக் காலை கடை திறந்ததும் சொம்பை எடுக்கும் முன் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.