வேகமான ரேமுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

ரேம் பெட்டியின் மேல் 'டிடிஆர்5-6000, சிஎல்30' என்று இரண்டு எண்கள் இருக்கும். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விலை நியாயமா என்று தெரியும்.

முதல் எண், ரேம் நொடிக்கு 600 கோடி முறை தரவை அனுப்பும் என்கிறது. முறைக்கு 8 பைட் வீதம் ஒரு ரேம் நொடிக்கு 48 ஜிபி தரும். இது குழாயின் அகலம். குழாயைத் திறந்த பிறகு நீர் வந்து சேர ஆகும் நேரம்தான் சிஎல். அந்த எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் காத்திருப்பு நானோநொடியில் கிடைக்கும். 6000, சிஎல்30 என்றால் 10 நானோநொடி. பழைய டிடிஆர்4-3200, சிஎல்16-க்கும் அதே 10தான்! 6000-ஐ சிஎல்40-உடன் வாங்கினால் 13-ஐத் தாண்டிவிடும்.

அகலம் யாருக்குத் தேவை? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு மிகவும் தேவை. படம் வரையும் சில்லும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. பிராசஸரே திணறும் விளையாட்டுகளிலும் பலன் உண்டு. 4கே திரையில் விளையாடினால் சுமை கிராஃபிக்ஸ் கார்டு மேல் விழுவதால் வித்தியாசம் தெரிவது அரிது. பிரவுசர், எக்செல், டாலி போன்றவற்றில் தெரியவே தெரியாது. ரைசன் 7 5800எக்ஸ்3டி போல 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள பிராசஸர்கள் ரேமை நாடுவதே குறைவு.

பணம் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கொள்ளளவு. 8 ஜிபி நிரம்பிவிட்டால் கணினி எஸ்எஸ்டியை நாடும். அது ரேமைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தாமதம். அடுத்து, ஒன்றுக்குப் பதில் இரண்டு ரேம்களை ஜோடியாகப் போடுங்கள். அகலம் இரட்டிப்பாகும். மூன்றாவதாக, பயாஸில், ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 6000 ரேமும் பெரும்பாலும் 4800-லோ 5600-லோதான் ஓடும். கொடுத்த காசு வீண்.

இவை முடிந்த பிறகே வேகம். 5600-க்கும் 6000-க்கும் விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 6000-ஐ வாங்கலாம். அதற்கு மேல் யோசிக்க வேண்டும்: ரைசன் 7000 வரிசையில் 6400-ஐத் தாண்டினால் நினைவகக் கட்டுப்படுத்தி பெரும்பாலும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அந்தக் கூடுதல் தொகையைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும்.