ஆறைச் சுற்றி ஒரு கணக்கு

டீ வருவதற்குள் வெள்ளரிப் பிஞ்சின் தோலைக் கொஞ்சம் பார்ப்போம். நுண்ணோக்கியில் வைத்தால், இண்டு இடுக்கில்லாமல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் தெரியும். ஒன்றுக்கு ஐந்து பக்கம், அதை ஒட்டியதற்கு ஏழு, அடுத்ததற்கு ஆறு. தேனடையின் ஒழுங்கெல்லாம் இங்கே கிடையாது. ஆனாலும் நூற்றுக்கணக்கில் எண்ணிச் சராசரி எடுங்கள், ஆறை ஒட்டித்தான் நிற்கும். ஒற்றை அடுக்குச் சோப்பு நுரையிலும், மெருகேற்றிய உலோகத் துண்டில் தெரியும் படிக மணிகளிலும் இதே ஆறுதான்.

இதில் மாயம் ஏதுமில்லை. இந்த வலைகளில் மூலைகள் எல்லாம் முச்சந்திகள். நாற்சந்தி ஒன்று அமைந்தாலும், நுரை இம்மியளவு அசைந்தால் போதும், இரண்டு முச்சந்திகளாகப் பிரிந்துவிடும். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 360 டிகிரியை மூன்று செல்கள் பங்கிட்டால் ஆளுக்குச் சராசரி 120. மூலைக்கு 120 டிகிரி என்றால் அறுகோணம்.

சராசரி சரி, யாருக்குப் பக்கத்தில் யார்? 1970இல் டி. ஏ. அபோவ் மக்னீசியம் ஆக்சைடின் படிக மணிகளை எண்ணிப் பார்த்தார். பக்கம் குறைந்த மணியைச் சுற்றிப் பக்கம் மிகுந்தவை. மிகுந்ததைச் சுற்றிக் குறைந்தவை. கணக்கும் எளிது: எட்டை மணியின் பக்க எண்ணால் வகுத்து ஐந்தைக் கூட்டினால் அண்டை மணிகளின் சராசரி கிடைக்கும். நான்கு பக்க மணியின் அண்டைக்கு 7, எட்டுப் பக்க மணியின் அண்டைக்கு 6.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். எட்டுப் பக்கக்காரரின் அண்டைகூட ஆறுக்குக் கீழே இறங்கவில்லையே! ஆறு பக்க மணிக்கோ அண்டையின் சராசரி ஆறே கால் தாண்டுகிறது. ஒட்டுமொத்தச் சராசரி ஆறுதான் என்று இப்போதுதானே சொன்னோம்?

ஊரில் யாரைக் கேட்டாலும் சிலரின் பெயர் அடிக்கடி வரும். பலரோடு பழகுபவர் பலருடைய பட்டியலிலும் இருப்பார். எட்டுப் பக்கச் செல்லும் அப்படித்தான், எட்டுச் செல்களுக்கு அண்டையாக எட்டு முறை எண்ணப்படுகிறது. நான்கு பக்கச் செல் நான்கே முறை. 1974இல் டெனிஸ் வெயர் இந்த எண்ணிக்கையை ஒரு சமன்பாடாக்கினார். அது அசைக்க முடியாதது. அபோவின் விதி அவ்வளவு உறுதியானதல்ல. பல இடங்களில் வியக்கும்படி பொருந்துகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

பொருந்துவது ஏன்? வெள்ளரிக்கே திரும்புவோம். 1928இல் எஃப். டி. லூயிஸ் அதன் தோலை அளந்தபோது, பக்கம் கூடக்கூடச் செல்லின் சராசரிப் பரப்பும் நேர்கோட்டில் கூடுவதைக் கண்டார். பெருத்த செல் இரண்டாகப் பிரிகிறது. குறுக்கே எழும் புதுச் சுவர் இருபுறமும் அண்டைச் சுவர்களில் போய் முட்டும். அந்த அண்டைகள் இரண்டுக்கும் ஒவ்வொரு பக்கம் கூடும். ஆறு பக்கச் செல் நடுவில் பிரிந்தால் இரண்டு ஐந்துகள். முட்டுப்பட்ட ஆறுகள் இரண்டும் ஏழுகளாகும். முன்பு மூன்று செல், பதினெட்டுப் பக்கம். இப்போது நான்கு செல், இருபத்து நான்கு. சராசரி இம்மியும் மாறவில்லை, ஆனால் ஐந்தும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. பழ ஈயின் இறக்கையாக வளரப்போகும் திசுவில், இந்தப் பிரிவுக் கணக்கை மட்டும் வைத்தே அறுகோணச் செல்கள் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்று 2006இல் கிப்சன், ராதிகா நாக்பால் குழுவினர் காட்டினார்கள்.

நுரையில் பிரிவு கிடையாது, காற்று கசிந்து இடம் மாறுவதுதான். உலோகவியலாளர் சிரில் ஸ்மித்தின் கட்டுரை மீதான விவாதத்தில் வான் நாய்மன் சொன்ன விதி 1952இல் அச்சேறியது: ஆறுக்கு மேல் பக்கமுள்ள குமிழி வளரும், கீழுள்ளது சுருங்கும், ஆறு அப்படியே இருக்கும். குமிழி பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. முக்கோணக் குமிழி ஒன்று சுருங்கி மறைந்தால் அதன் அண்டைகள் மூன்றும் ஆளுக்கொரு பக்கத்தை இழக்கும். அதுவரை வளர்ந்துகொண்டிருந்த ஏழு பக்கக்காரர் அந்த நொடியே ஆறாகி நின்றுவிடுவார். ஆறாக இருந்தவர் சுருங்கத் தொடங்குவார்.