சந்தா கட்டாதவருக்கும் சம்பளம் கூடியது

காலையில் வானொலியில் நான் பேசுவதைக் கேட்க நீங்கள் எனக்கு ஒரு காசும் தருவதில்லை. நீங்கள் கேட்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒலி குறைவதும் இல்லை. பணம் கட்டாதவரின் காரில் மட்டும் அலைவரிசையை நிறுத்தவும் வழியில்லை. இப்படிப்பட்டதைப் பொருளாதாரத்தில் பொதுப்பண்டம் என்கிறார்கள். நாசி லெமாக் பொட்டலம் அப்படியல்ல. அதை நீங்கள் சாப்பிட்டால் எனக்கு இல்லை. காசு கொடுக்காவிட்டால் உங்களுக்கும் இல்லை. அது தனியார் பண்டம்.

கட்டினாலும் கட்டாவிட்டாலும் கிடைக்கும் என்றால் யார் கட்டுவார்? ஓசியில் பயணம் போகிறவரின் கணக்கு இதுதான். அதில் தவறும் இல்லை. எல்லாரும் அதே கணக்கைப் போட்டால்தான் வண்டியே ஓடாது. வானொலிக்கு விளம்பரதாரர் கட்டிவிடுகிறார். தோட்டத்தில் யார் கட்டினார்கள்?

ரந்தாவைச் சுற்றி லின்சம், சிலியாவ் பக்கம் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து பிறந்த சங்கம் அது. அதன் பொதுச்செயலாளராக நீண்ட காலம் இருந்த பி.பி. நாராயணனின் தொழிற்சங்கப் பணி தொடங்கியதே நம் நெகிரி செம்பிலானில்தான். சங்கம் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாபாவுடன் உட்கார்ந்து பேசும், கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும், சம்பளம் கூடும். யாருக்கு? 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். தொழில்துறை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம், அது சம்பந்தப்பட்ட இடத்தில் வேலை செய்யும் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். நாளை புதிதாகச் சேர்பவருக்கும் அது பொருந்தும். உறுப்பினரா இல்லையா என்ற கேள்வியே இல்லை.

மாதாமாதம் சந்தா கட்டியவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். உறுப்பினருக்கு மட்டும் கூடுதல் சம்பளம் என்றால், நிர்வாகம் அடுத்த நாளே உறுப்பினர் அல்லாதவரைத் தேடித்தான் வேலைக்கு எடுக்கும். ஓசிக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனால்தான் சந்தாக்காரரின் வேலைக்கும் பாதுகாப்பு.

அப்படியும் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டு சங்கம் எப்படி நின்றது? அமெரிக்கப் பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965இல் எழுதிய நூலில் இதற்கு விடை தேடினார். பொது நன்மையை மட்டும் காட்டிப் பெரிய கூட்டத்திடம் பணம் வாங்க முடியாது. கட்டியவருக்கு மட்டும் கிடைக்கும் ஏதாவது ஒன்று வேண்டும், அல்லது கட்டாயம் வேண்டும் என்றார். சங்கம் உறுப்பினருக்காக வழக்கு பேசியது முதல் வகை. தொழிலாளி எழுதிக் கொடுத்தால் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இடம் தருகிறது. அது கட்டாயம் இல்லை என்றாலும், பணம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுவதால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஓல்சன் லயத்தில் குடியிருந்ததில்லை. இருந்திருந்தால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியிருப்பார். பெரட்டில் தினமும் முகம் பார்க்கும் இடத்தில் யார் கட்டவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாவிலும் இதே கதைதான். சாமி எல்லாருக்கும் பொது. உபயக்காரர் பெயர் மட்டும் ஒலிபெருக்கியில் வரும்.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறு பாதையில் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலம் அது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவருக்குப் பங்கு உண்டு, லாப ஈவும் உண்டு. கட்டாதவருக்கு இரண்டும் இல்லை. பொது லட்சியத்தை நாசி லெமாக் பொட்டலமாக மடித்துக் கொடுத்த கெட்டிக்காரத்தனம் என்றே இதைச் சொல்வேன்.

இப்போது நம்மில் பலர் தாமானில் இருக்கிறோம். 100 வீடு, பாதுகாவலருக்கு மாதம் 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000. நாற்பது வீடுகள் நிறுத்தினால் மிச்ச அறுபதும் ஏறக்குறைய 83 வெள்ளி கட்ட வேண்டும். அதைக் கேட்டு இன்னும் இருபது வீடுகள் நின்றுவிடும். பிறகு 125. அத்தோடு காவல் குடில் காலி. திருடனோ கட்டியவர் வீடு, கட்டாதவர் வீடு என்று பார்த்து வருவதில்லை. பாதுகாவலரும் பார்த்துக் காக்க முடியாது. வழக்கமான தரைவீட்டுத் தாமானில் குடியிருப்பாளர் சங்கத்துக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் கிடையாது.

அடுக்குமாடியில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணம் கடமை. பாக்கிக்காரரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், நுழைவு அட்டையையும் முடக்கலாம்.

தாமான்காரர்களுக்கு இருப்பது வாட்ஸ்அப் குழு. அதில் கட்டணம் பற்றிய செய்தி வந்ததும் பாதிப் பேர் நீல டிக்கோடு மௌனமாகிவிடுகிறார்கள். புத்திமதி சொல்லி அவர்களை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு, கட்டியவர் பட்டியலை மாதாமாதம் குழுவில் போடுவது, கட்டிய வீட்டுக்கு மட்டும் விருந்தினர் வாகன அட்டை என்று தொடங்கிப் பார்க்கலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் தாமான் செயலாளரிடம் கேளுங்கள். அவர் அநேகமாகத் தன் கைக்காசைப் போட்டுக்கொண்டிருப்பார்.