பிறந்த வாரம் சொல்லும் பொறி

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப் போட்டது. அதே ஆண்டில்தான் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் ஈ.டி. 101 என்ற இலத்திரனியல் தட்டச்சுப் பொறியைச் சந்தைக்கு விட்டது. அதன் வழிவந்த பொறிகள் கந்தோர்களில் உழைத்து ஓய்ந்து, இப்போது பழைய சாமான்களாகக் கைமாறுகின்றன. வாங்குபவர் முதலில் கேட்பது, இது எந்த வருடத்துப் பொறி என்பதைத்தான்.

பின்பக்கத் தகட்டில் தொடரிலக்கம் இருக்கும். வருடம் பெரும்பாலும் இருக்காது. மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக் காற்றில் கிடந்த பொறியென்றால் தகடே பொரிந்து போயிருக்கும். தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்த யாழ்ப்பாணத்து முத்தையா காலத்துப் பொறிகளுக்குத் தொடரிலக்கத்தை விட்டால் துணை குறைவு. இலத்திரனியல் பொறிக்கோ வயிற்றுக்குள்ளேயே சாதகம் இருக்கிறது.

மின்செருகியைக் கழற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள்; மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிறகு மூடியைத் திறந்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கறுப்புச் சிப்புகளைப் பாருங்கள். மங்கலாக நான்கு இலக்கங்கள் தெரியும். 8437 என்றால் 1984ஆம் ஆண்டின் 37ஆவது வாரம், அதாவது செப்டெம்பர் நடுப்பகுதி. அந்தச் சிப் தொழிற்சாலையில் உருவான வாரமே அது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இங்கே ஆளைச் சிக்கவைக்கும் பொறியும் ஒன்று உண்டு. 7805 என்பது 1978ஆம் ஆண்டின் 5ஆவது வாரமல்ல; 5 வோல்ட் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகத்தின் பெயர். 8049 ஒரு நுண்கட்டுப்படுத்தியின் பெயர். எனவே ஒரு சிப்பை மட்டும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும் வாசித்து, ஆகப் பிந்திய வாரத்தை எடுங்கள். பொறி அதற்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது. வழக்கமாகச் சில மாதங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கும். பழுதுபார்த்தபோது மாற்றிய சிப்பை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அது மற்றவற்றிலிருந்து பல வருடம் தள்ளி நிற்கும். ஈயப்பற்றும் வேறு நிறத்தில் பளபளக்கும்.

நாடாவையும் கவனியுங்கள். ஒருமுறை மட்டும் ஓடும் கரி நாடாவில், அடித்த ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி போல வெளுத்து வரிசையாக நிற்கும். முந்தைய உரிமையாளர் கடைசியாக அடித்த கடிதத்தை முழுதாக வாசித்துவிடலாம். காணாமல் போனவருக்காக எழுதிய மனுவாகவும் அது இருக்கலாம். அதில் திகதி தேடுவது நமக்கு உரிமையில்லாத வேலை. வாசிக்காமல் அழித்துவிடுவதே மரியாதை.

சிப்புகளைத் துடைக்க முன் படம் எடுத்து இலக்கங்களை எழுதி வையுங்கள். சுத்தம் செய்யும் மதுசாரம் அந்த மையையும் சேர்த்துக் கரைத்துவிடலாம்.